பெரியப்பா அடங்கிய பிறகு

சலூன்காரரின் கை நடுங்குகிற கை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த வாரம் தெருவே வேறு மாதிரிப் பேசியது. வயசாகிவிட்டது என்றார்கள், சர்க்கரை என்றார்கள். ஒருவர் குடி என்றுகூடச் சொன்னார், அதுவும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாத மனிதரைப் பற்றி. கைக்கு ஒரு குறையும் இல்லை. பெரியப்பா அடங்கிவிட்டார், அவ்வளவுதான் விஷயம்.

பெரியப்பா என்பவர் மனிதர் இல்லை. வண்டிகளுக்கு அச்சு செய்யும் ஆலையில் இருக்கும் சுத்தியல். கையில் பிடித்து ஆணி அடிக்கிற சுத்தியல் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மாடி உயரம். பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் அது விழும்போது தெருவில் ஒரு வீட்டுப் பாத்திரம்கூடச் சும்மா இருக்காது. பெரியப்பா வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான், அதனால் அந்தப் பெயர். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்களைத் தரகர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே கூட்டிவருவார்கள். பேச்சைப் பாதியில் நிறுத்தி, அடி விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பிறவிப் பழக்கம். வெளியூர் போனாலும் அப்படியே நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். கேட்கிறவர்கள் ஏதோ பெரிய ரகசியம் வரப்போகிறது என்று காத்திருந்து ஏமாந்துபோவார்கள்.

சலூன்காரர் அங்கே கடை போட்ட புதிதில், தெரிந்த தொழிலையே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அடி விழும்போது கத்தி கன்னத்தில் இருந்தால் கதை கந்தல். ஆனால் பெரியப்பாவிடம் ஒரு நியாயம் இருந்தது, அடிப்பதற்கு முன்னால் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சில் கத்தியை எடுத்துவிட வேண்டும். அடி விழும், கண்ணாடி ஆடும், அதிர்வு அடங்கும். நாற்காலியில் இருப்பவர் சொல்ல வேண்டியதை அந்த இடைவெளியில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார், கத்தி மறுபடி இறங்கும். இருபது வருடத்துக்கும் மேலாக இப்படித்தான். ஒரு முகத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ரத்தத்தை நிறுத்தும் படிகாரக் கட்டி வாங்கிய மேனிக்கு அலமாரியில் இருந்தது.

அதற்காக அவர் பெரியப்பாவோடு சமாதானமாகப் போனார் என்று அர்த்தமில்லை. தெருவில் அவரைப்போல் ஆலை வாசலில் போய் நின்றவர் வேறு யாரும் கிடையாது. சுவர் விரிசல் விட்டது என்று நின்றார், குழந்தைகள் பகலில் தூங்க முடியவில்லை என்று நின்றார். வருகிற மேனேஜர்கள் எல்லாம் டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கடைசியில் ஆலையின் சமூக நலப் பிரிவுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தாள். அவள் டீ கொடுக்கவில்லை. அவளே கடைக்கு வந்து, காத்திருப்போர் பெஞ்சில் ஒரு முழுக் காலை நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். போகும்போது தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டே போனாள். அது வேலை செய்தது. சுத்தியலின் அடிப்பீடத்தைத் தோண்டி எடுத்து, கீழே ஆள் உயரத்துக்கு ஸ்பிரிங்குகள் வைத்தார்கள். கொட்டகையைச் சுற்றிச் சத்தத்தை உறிஞ்சும் தடுப்பு எழுப்பினார்கள். மதில் ஓரமாக வேலை நடந்த மண்ணிலேயே வரிசையாக மரக்கன்றுகளும் நட்டார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை பெரியப்பா மறுபடி வேலைக்கு வந்தார். வந்தது யாருக்கும் தெரியவில்லை.

தெரு கொண்டாடியது. சலூன்காரரும் கொண்டாடத்தான் நினைத்தார், ஆனால் உட்கார முடியவில்லை. துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். வாசலுக்குப் போய் மதிலைப் பார்த்தார், உள்ளே வந்தார், சீப்புகளை வரிசை மாற்றி வைத்தார், மறுபடி வாசலுக்குப் போனார். ஏதோ ஒன்று வரவேண்டியது வராமல் இருப்பதுபோல இருந்தது. சுத்தியலை ஓட்டுகிறவர் அவருடைய நீண்ட நாள் வாடிக்கையாளர். பெரியப்பாவின் பாகன் என்று தெருவில் அவருக்குப் பெயர். அவர் அன்று சவரத்துக்கு வந்தபோது, சுத்தியல் ஓடுகிறதா என்று சலூன்காரர் கேட்டார். எப்போதும்போல ஓடுகிறது, இப்போது மாற்று ஆள் பார்த்துக்கொள்கிறான் என்றார் பாகன்.

நுரை போட்டார். கத்தியை வைத்தார். பெருமூச்சு வரவில்லை, ஆனால் கை எழும்பியது. எழும்பிய கையை இவர் அதட்டி இறக்கினார். எப்போது பேசலாம் என்று பாகனுக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் அடிக்குப் பிறகு பேசியே பழகியவர், அடியே இல்லாததால் பொறுத்துப் பார்த்துவிட்டு, கத்தி தாடைக்கடியில் இருக்கும்போது வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கையும் எழும்பத் துடித்தது. நுரையில் சிவப்பு பரவியது.

சலூன்காரருக்கு உயிரே போய்விட்டது. படிகாரத்தை எடுக்கப் போனவர் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பாகன் துண்டை அழுத்திக்கொண்டு சிரித்தார். "விடுங்கண்ணே. கேட்டது கிடைச்சாச்சு, இனி கைக்குச் சொல்லிக் கொடுங்க."

கைக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக்குள் வேறொரு தொல்லை ஆரம்பித்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கடைசி அறையின் பின்சுவர் என்பதே ஆலையின் மதில்தான். அந்தச் சுவரை ஒட்டி அவர் மனைவி தையல் மிஷின் போட்டிருந்தாள். தலையணை உறையும் பள்ளிச் சீருடையும் தைப்பாள், வாய் ஓயாமல் பேசுவாள். தெருவில் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள் என்பதால் அவள் கத்துவது தனியாகத் தெரிந்ததில்லை. இப்போது ஒவ்வொரு வீடாகக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. அவள் குரல் மட்டும் இறங்கவில்லை. மெதுவாகப் பேசு என்று இவர் கடையிலிருந்து சொன்னால் பதில் இல்லை. சாப்பாடு ஆச்சா என்று கேட்டால் பதில் இல்லை. எதிரே போய் நின்று கேட்டால் மட்டும் பளிச்சென்று பதில் வந்தது.

கோபமாக இருக்கிறாள் என்று முடிவு கட்டினார். எதற்கென்றுதான் தெரியவில்லை. தான் செய்த தப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பெண்டாட்டியிடம் செய்த தப்புகளை நினைக்க ஆரம்பித்தால் எந்த ஆணுக்கும் பொழுது போவது தெரியாது. அவருக்கும் இரண்டு நாள் அதிலேயே போயிற்று. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தபோது, உன் அம்மா என்னோடு பேசமாட்டேன் என்கிறாள் என்று முறையிட்டார். "என்னோட மட்டும் பேசறாங்களாப்பா?" என்று மகள் கேட்டாள். "போன் பண்ணினா கையில வேலை இருக்குன்னு உங்ககிட்டதானே கொடுக்கறாங்க. பாப்பா பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்." பேத்தி பாப்பாவுக்கு இப்போது ஆறு வயது.

அந்தப் பேச்சு அவர் மண்டைக்குள் குடைந்தது. அன்று பிற்பகல் கடையில் யாரும் இல்லை. முடி வெட்டும் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனார். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடவில்லை. பின்னால் போய் நின்று, அவளுடைய இடது காதுக்குப் பக்கத்தில் கத்தரியை வெறும் காற்றில் திறந்து மூடினார். சலூன் நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருப்பவனும் அந்தச் சத்தத்துக்குக் கழுத்தைச் சுருக்குவான். இவரது காதிலேயே அது கொஞ்சம் மங்கலாகத்தான் விழுந்தது, பழகிய சத்தம் என்பதால் என்று நினைத்துக்கொண்டார். அவள் அசையவில்லை. வலது காதுக்குப் போனார். வேகமாக வெட்டினார். அவள் ஊசியில் நூலை நுழைத்து, முடிச்சுப் போட்டு, துணியை இழுத்துக்கொண்டாள்.

துணியில் நிழல் விழுந்த பிறகுதான் திரும்பினாள். கத்தரியைப் பார்த்து, முடி வெட்டவா வந்தீர்கள் என்று சிரித்தபடி கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சலூன்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் மிஷினைப் போடச் சொன்னவர் அவர்தான். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, கடைக்கும் இடைஞ்சல் இல்லை என்று சொல்லி, பெரியப்பாவின் காலடியில் அவளை உட்காரவைத்துவிட்டு, இவர் முன்னால் கடையில் நின்று தெருவின் காதுகளுக்காக நியாயம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

எத்தனை நாளாக என்று கேட்டார். நாள் கணக்கெல்லாம் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று என்றாள். பிறகு சொன்னாள்: "தெருவே கத்திப் பேசிட்டிருந்துச்சு. எனக்கு அது போதுமா இருந்துச்சு. மிச்சத்த வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். நீங்க போய் அதையும் நிறுத்திட்டு வந்துட்டீங்க."

டாக்டரிடம் போகலாம் என்றார். ஊரார் முன்னால் செவிடி என்று பெயர் வாங்கித் தரப் பார்க்கிறீர்களா, வாயைத் திறந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மிரட்டினாள். துணி கொடுக்க வருகிறவர்கள் அளவைச் சொல்லவே பயப்படுவார்கள் என்றாள். அதற்குமேல் அவர் வாயைப் பார்க்கவே மறுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளோடு சண்டை போட அதற்கப்புறம் வழியே இல்லை.

அதன்பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கு வருகிறவர்களை எல்லாம் சந்தேகத்தோடு பார்த்தார். முதுகுப்பக்கம் நின்று மெல்லக் கேள்வி கேட்டுப் பார்த்தார். சிலர் பதில் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. சொல்லாதவர்கள் கேட்காதவர்களா, கேட்டும் காதில் போட்டுக்கொள்ளாதவர்களா என்று தெரியாமல் தவித்தார். பாகனிடம் பேச்சுவாக்கில் விசாரித்தபோது, ஆலைக்குள் வேலை செய்கிற எல்லோருக்கும் வருடா வருடம் காதுப் பரிசோதனை உண்டு என்று தெரிந்தது. சுத்தியலுக்கு வெகு தூரத்தில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர்களுக்குக்கூட உண்டாம். அந்த அட்டைப்பெட்டிக்காரர்களைவிட அவர் மனைவி சுத்தியலுக்குப் பக்கத்தில் இருந்தாள். நடுவில் ஒரு மதில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆலையின் பெண் அதிகாரி மறுபடி கடைக்கு வந்தாள். ஸ்பிரிங் வைத்ததற்கும் மரம் நட்டதற்கும் தெருவிலேயே ஒரு சின்ன விழா, நீங்கள்தான் தெருவின் சார்பில் நன்றி சொல்ல வேண்டும் என்றாள். அடுத்த வருடத்துக்குத் தெரு முனையில் ஓர் அலங்கார வளைவு கட்டித் தரலாம் என்று யோசனை இருப்பதாகவும் சொன்னாள். சலூன்காரர் கத்தரியைத் திறந்து மூடிக்கொண்டே, வளைவு வேண்டாம், தெருவுக்குக் காதுப் பரிசோதனை வையுங்கள் என்றார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஐயா, மரம் நட்டா போட்டோ வரும். காதைச் சோதிச்சா கேள்வி வரும். மேல இருக்கறவங்க அதைத்தான் பார்ப்பாங்க. நானே போய்க் கேட்டா ரூமுக்குள்ளயே முடிஞ்சிரும். யாராவது எல்லார் முன்னாடியும் கேட்டா வேற." இதை நான் சொல்லவில்லை என்று சேர்த்துக்கொண்டு எழுந்து போனாள்.

விழா அன்று சலூன்காரர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு, மறுபடி கழற்றிப் போட்டார். பெயர் போனாலும் பரவாயில்லை, கேட்டுவிடுவது. ஆனால் யாருக்குக் காது கேட்கவில்லை என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? மேடைக்குப் போகும்வரை அது தெரியவில்லை. முதல் வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

ஆலைக்கு நன்றி சொன்னார். அதை மனதாரத்தான் சொன்னார். பிறகு மைக்கைப் பிடித்தபடி நின்றார். மேனேஜர் கைதட்டத் தயாராகக் கையை உயர்த்தினார்.

"எனக்குக் காது கேக்கறதில்லை," என்றார் சலூன்காரர்.

கூட்டம் சிரித்தது. முடி எவ்வளவு வெட்ட வேண்டும் என்று சொன்னால் கேட்காதவர்தானே என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள், அதற்கும் சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி இவர் வாயைப் பார்த்தாள்.

"நிஜமாத்தான். யாராவது பேசினா கேக்காது, திருப்பிக் கேக்க வெக்கமா இருக்கும், அதனால கேட்ட மாதிரியே தலையாட்டுவேன். எனக்கு மட்டும்தானா, இந்தத் தெருவுல வேற யாருக்கும் இருக்கான்னு தெரியணும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு நீங்க வருஷா வருஷம் பார்க்கறீங்க. சத்தம் மதிலோட நின்னிருந்தா நான் உங்க வாசலுக்கு இத்தனை வருஷம் வந்திருக்கவே மாட்டேன், சார்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்களுக்கும் வேலை என்று ஒன்று இருக்கிறதே. பரிசீலிப்போம் என்றார். அதிகாரி மட்டும் பக்கத்திலிருந்து, எந்த மாதம் என்று சொல்லிவிட்டால் தெருவுக்குத் தெரிவிக்க வசதியாக இருக்கும் என்று மைக்குக்குக் கேட்கும்படியே கேட்டாள். மேனேஜர் கூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுத்த மாதம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள், எதற்கு இந்தப் பொய் என்று. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கடைக்குப் போனார். இனி சலூன்காரரிடம் சத்தமாகப் பேச வேண்டும் என்று தெரு முடிவு செய்துகொண்டு, வருகிறவர்கள் எல்லாம் அவர் காதருகே கத்த ஆரம்பித்தார்கள். அந்த ஒரு மாதம் கடை பெரியப்பா காலத்தைவிட இரைச்சலாக இருந்தது. அவரும் பொறுத்துக்கொண்டார். பொய் சொன்னவர் பொறுக்கத்தானே வேண்டும்.

ஆலையின் மருத்துவ அறையில் பரிசோதனை நடந்தது. அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனது தெருவுக்கு அதுதான் முதல் தடவை. கண்ணாடிச் சன்னல் வைத்த சின்னப் பெட்டி அறை, உள்ளே ஒரு ஸ்டூல், தலையில் மாட்டும் கருவி. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். சொன்ன வாய்க்கு முதலில் இவரைத்தான் உட்காரவைத்தார்கள். துணைக்கு வந்தவள் என்ற பேரில் மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே போகமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள்.

சலூன்காரர் பொய்யை எப்படிக் காப்பாற்றுவது என்ற கவலையோடு உட்கார்ந்தார். கேட்டாலும் ஒன்றிரண்டுக்குக் கை தூக்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார். சத்தம் வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று வெளியே பார்த்தார். பரிசோதிக்கிற பெண் பொத்தானை அழுத்தினாள், குறித்தாள், மறுபடி அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அவள் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. மனைவி அந்த விளக்கையும் இவர் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் யாரும் சொல்லாமலே எழும்பிய கை அது. இப்போது தொடைமேல் கிடந்தது.

வெகு நேரம் கழித்து ஏதோ ஒரு தடித்த சத்தத்துக்குத்தான் அவர் கை மேலே போனது. அவர் வெளியே வந்தார். மெல்லிய சத்தங்கள் எல்லாம் உங்களுக்குப் போய்விட்டன ஐயா, போய் ரொம்ப நாளாகிறது என்று அந்தப் பெண் சொன்னாள். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனைவி அவர் கன்னத்தை ஒரு முறை தொட்டாள். பிறகு யாரும் கூப்பிடாமலே கதவைத் திறந்து உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் தெரு வரிசையில் நின்றது. மதிலை ஒட்டிய வரிசை வீடுகளில் பாதிப்பேருக்கு மேல் ஏதோ ஒரு காதில் ஏதோ ஒரு குறை. கேள்விகள் வரத்தான் செய்தன, மேனேஜர் பயந்ததுபோலவே. அவர் பலமுறை தெருவுக்கு வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் இல்லாத கேள்விகளும் இருந்தன, அவை இன்னும் அப்படியே இருக்கின்றன. வளைவு வரவில்லை. காதுக் கருவிகள் வந்தன.

மனைவிக்குக் கருவி பொருத்திய அன்று, கேட்கிறதா என்று சலூன்காரர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். "ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்று கேட்டாள். அதைக் கேட்க அவருக்குத் தன்னுடைய கருவி தேவைப்பட்டது.

மறுநாள் காலை பாகன் நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பாதி முகத்தில் நுரை. கடைப் பலகையில் போன் அடித்தது. சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு, வழக்கம்போல எடுக்கத் திரும்புவதற்குள் உள்ளேயிருந்து மனைவி வந்துவிட்டாள். வந்து எடுத்துக் காதில் வைத்தாள். இன்னும் கொஞ்சத்தில் 'நீங்களே பேசுங்க' என்று கொடுத்துவிடுவாள் என்று அவர் கையை நீட்டினார்.

அவள் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் அப்படியே இருக்கிறதே, கொஞ்சம்கூட மாறவில்லையே என்றாள். பிறகு நிறுத்தினாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"அம்மா இல்லையா?" என்றாள் மெதுவாக. "பாப்பாவா பேசறே?"

மகளின் குரல் என்று அவள் மனதில் பத்திரப்படுத்தி வைத்திருந்தது, மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்ட குரல். அதற்குப் பிறகு வந்த குரல்கள் எதுவும் அவள் காதில் முழுசாக விழுந்ததில்லை. அவள் காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, சொல்லு கண்ணு, சொல்லு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாகன் பாதிச் சவரத்தோடு காத்திருந்தார். சலூன்காரரின் கை நீட்டியபடியே இருந்தது, அதில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அவள் போனைத் தரவில்லை.